முழங்காலில் மூன்று விரல்

பெயர் என்ன என்று கேட்டார் ஜெசிந்தா சிஸ்டர். குழந்தைவேலு என்றேன். வயது? ஐம்பத்தாறு. எந்தக் கால்? வலது. பொய்ப்பல், மோதிரம், அரைஞாண் கயிறு ஏதாவது? இல்லை. "வேற ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை அட்டையின் மேல் வைத்துக் காத்திருந்தார். அதுதான் சமயம். வாயைத் திறந்தேன். "ஃபேனைக் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்" என்றேன். அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருக்கும் இந்த நடையில் ஃபேனே கிடையாது. "ஏசிங்க அது" என்று சொல்லிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, உள்ளே நடக்கும் இடுப்பு கேஸ் முடிய அரை மணி ஆகும், பயப்படாமல் படுத்திருங்கள் என்று போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. சக்கரம் வைத்த கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். சொல்ல வேண்டியது மூன்றே சொல். கட்டுக்குள் விபூதி இருக்கிறது. இதைச் சொல்ல அரை மணி நேரம் தாராளம். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிஷம். இந்த வகுத்தலைச் செய்ததற்கே ஒரு நிமிஷம் போய்விட்டது.

காலையில் ஆறு மணிக்கு இதே சிஸ்டர்தான் தொடையிலிருந்து பாதம்வரை ரோஸ் நிற மருந்துத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினார். கார் கழுவுகிறவர்கள்கூட அப்படித் தேய்க்க மாட்டார்கள். பிறகு பச்சைத் துணியைச் சுற்றி, மேலே பேண்டேஜ் போட்டுக் கிளிப் மாட்டி, "சாமியே வந்தாலும் பிரிக்கக்கூடாது" என்றார். சாமி வரவில்லை. எட்டு மணிக்கு அக்கா வந்தாள். அந்தியூரிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே வந்து என் கன்னத்தைத் தடவினாள். என் மனைவி செல்வநாயகி எக்ஸ்ரே படங்களைக் கீழே கொடுக்கப் போயிருந்தாள். அக்கா கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானை முடிச்சிலிருந்து நியூஸ் பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். "பிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அக்கா." "ஆரு பிரிக்கறாங்க. வெரலைத்தான உள்ள உடறேன்." கிளிப்பை அரை அங்குலம் தளர்த்தினாள். மூன்று விரல்கள் சில்லென்று துணிக்குள் இறங்கி, முழங்கால் சிப்பியின் மேல் மூன்று கோடு இழுத்துவிட்டு வெளியே வந்தன. கிளிப்பைப் பழையபடி மாட்டினாள். அறுபத்து நாலு வயது மயிலாத்தாள் அம்மாள் பத்து விநாடியில் முடித்துவிட்டாள். கைவேலையின் சுத்தத்தைப் பார்த்தால் இதற்கு முன்னால் வேறு முழங்கால்களிலும் செய்திருப்பாள் என்றுதான் தோன்றியது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கால் தூக்கிக் கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். இல்லை, தூக்கவில்லை. லேசாக மடக்கினேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

இதெல்லாம் தெரியாத ஆள் செய்திருந்தால் மன்னிக்கலாம். எனக்கு எல்லாம் தெரியும். டாக்டர் அருள்குமரனிடம் இரண்டு தடவை உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். தேய்ந்த முட்டிக்குப் பதிலாக வைக்கிற உலோக மூட்டு உடம்புக்குள் போனதும் அதன் மேல் முதலில் யார் போய் ஒட்டுவது என்று ஒரு போட்டி நடக்குமாம். நம் உடம்பின் செல் ஒட்டிக்கொண்டால் பிழைத்தோம். கிருமி முந்திக்கொண்டால் போச்சு. அவர் ஓட்டப்பந்தயம் என்றார். எனக்குப் பொள்ளாச்சி பஸ்தான் நினைவுக்கு வந்தது. ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். நியாயமாக வரிசையில் வந்து ஏறுகிறவன் நின்றுகொண்டுதான் போக வேண்டும். கிருமி துண்டு போடுகிற சாதி. அது மட்டுமில்லை, உட்கார்ந்த பிறகு தன்னைச் சுற்றிக் கூழ் மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளுமாம், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழுவழுவென்று பிடிக்குமே, அந்த மாதிரி. அதற்குப் பிறகு எந்த மருந்தும் உள்ளே இறங்காது. மூட்டையே கழற்றி எடுத்து, அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டை வைத்து, இரண்டு மூன்று மாதம் காத்திருந்து மறுபடி புது மூட்டு. இரண்டு மூன்று மாதம் முட்டி இல்லாத கால். அதனால்தான் வெள்ளி பூசிய மூட்டு என்று ஒன்று வந்திருக்கிறதாம். வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பக்கத்தில் வரும் கிருமியைத் துண்டு போட விடாமல் விரட்டும். வெள்ளி என்று கேட்டதும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபத்தேழு வருஷமாக எலெக்ட்ரோ பிளேட்டிங் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நிக்கல், குரோமியம், துத்தநாகம், வெள்ளி. உலோகத்தின் மேல் உலோகம் ஒட்டியிருக்கிறதா, ஒட்டியிருக்கிற மாதிரி நடிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. "எத்தனை மைக்ரான் டாக்டர்?" என்றேன். "எதுங்க?" "கோட்டிங்." அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "டேப் டெஸ்ட் பண்ணுவாங்களா?" அது என்ன என்று கேட்டார். செலோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்துப் பார்ப்பது, டேப்போடு பூச்சு வந்தால் ரிஜெக்ட் என்று விளக்கினேன். "கம்பெனியில எல்லா டெஸ்ட்டும் பண்ணித்தாங்க அனுப்புவாங்க." "எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் சொல்லும் டாக்டர். நானே அப்படித்தான் சொல்லுவேன்." அவர் சிரித்தார். செல்வநாயகி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள், நல்ல காலை.

ஆக, எனக்கு வைக்கப் போகிற மூட்டில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி பார்த்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை விபூதியைக்கூடச் சமாளிக்க முடியாத வெள்ளி என்ன வெள்ளி? தவிர விபூதி என்பது சாம்பல். சாம்பல் என்பது வெந்தது. வெந்ததில் கிருமி ஏது. இந்த இடத்தில் மனசு நிம்மதியாகக் கால் நீட்டப் பார்க்கிறது. நீட்ட விடாமல் இன்னொரு குரல் கேட்கிறது, விபூதி வெந்ததுதான், விரல் வெந்ததா என்று. அக்காவின் விரல் அந்தியூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தது. கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்டை வாங்கியது. ஈரோட்டில் இறங்கி வடை தின்றிருப்பாள், ஈரோடு வந்தால் அவள் வடை தின்னாமல் இருந்ததில்லை. அங்கே கை கழுவிய டம்ளரைக் காலையிலிருந்து எத்தனை பேர் தொட்டார்களோ. பொட்டலம் கட்டிய பேப்பரில் கேரளா லாட்டரி முடிவு இருந்தது, நானே பார்த்தேன், அதை எத்தனை பேர் ஆசையாகத் தடவிப் பார்த்தார்களோ. அவ்வளவு பேரும் இப்போது என் முழங்காலில் இருக்கிறார்கள். வெளியே வாட்ச்மேன் இருக்கிறான் என்று கதவைத் திறந்துபோட்டுத் தூங்க முடியுமா சார் என்று டாக்டர்கூடக் கேட்டார். வெள்ளி கூடுதல் காவல்தான், முதல் காவல் சுத்தம் என்றார். அதை எனக்கு ஒரு டாக்டர் சொல்ல வேண்டுமா? கம்பெனியில் பூச்சுக்கு வருகிற சாமானில் கிரீஸை எடு, ஆசிடில் முக்கு, அலசு, பிறகு கையால் தொடாதே. தண்ணீர் ஊற்றினால் திட்டுத் திட்டாக உடையாமல் ஒரே தகடாக வழிய வேண்டும். அப்போதுதான் பூச்சுத் தொட்டிக்குள் இறக்கலாம். ஒரு கைரேகை பட்டால் போதும், அந்த இடம் ஆறு மாதத்தில் உரியும். இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்கிற வாய் இது. ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று, கழுவித் தொட்டிக்குத் தயாராக வைத்திருந்த இருநூற்று நாற்பது பம்ப் ஸ்லீவுக்கும், பம்ப் தண்டில் மாட்டுகிற குழல்கள் அவை, தொட்டியில் வேலை பார்த்த சின்னராசு சந்தனப் பொட்டு வைத்துவிட்டான். மெஷினுக்கு வைக்கிறோம், தராசுக்கு வைக்கிறோம், இதுகள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று நினைத்திருக்கிறான். பூஜை முடிந்து துணியால் துடைத்துத் தொட்டியில் போட்டார்கள். நான்காம் நாள் டேப்பை ஒட்டி இழுத்தால் ஒவ்வொன்றிலும் பொட்டளவு வட்டமாகப் பூச்சு வந்தது. அவனை நிற்க வைத்து இருநூற்று நாற்பதையும் அவன் கையாலேயே உரித்துப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம்வரை உரித்தான். நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது நினைவிருக்கிறது, இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதை மறுபடி சொல்லிப் பார்க்க முடியவில்லை. அவன் செய்தது தெரியாமல். நான் செய்தது எத்தனை மைக்ரான் என்று கேட்ட பிறகு.

ஒன்பது இருபத்தைந்து. ஜெசிந்தா சிஸ்டர் மறுபடி வந்தார். பெயர்? குழந்தைவேலு. எந்தக் கால்? வலது. ஒரு தடவை சொன்னதை இவர்கள் நம்புவதில்லை, நல்ல பழக்கம், எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். மணிக்கட்டு அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டார். "கட்டு இறுக்கமா இருக்குங்களா, சரியா இருக்குங்களா?" கேள்வியே கட்டைப் பற்றி வந்துவிட்டது. இதைவிட வசதியாக யாராலும் கேட்க முடியாது. "சரியா இருக்குங்க" என்றேன். பிறகு, விட்டதைப் பிடிக்கிற மாதிரி, "இந்தக் கட்டைப் போட்டப்புறம் ஆராச்சும் உள்ள ஏதாச்சும்..." என்று இழுத்தேன். "ஏதாச்சும்?" "இல்லைங்க, எறும்பு கிறும்பு போயிருமான்னு." ஆறு மாடி ஆஸ்பத்திரியில் எறும்பு இல்லை என்றார். கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே இப்படி என்றால் என்று நினைத்திருப்பார்.

சொன்னால் என்ன ஆகும்? கேஸைத் தள்ளி வைப்பார்கள். இது மூன்றாவது தேதி. முதல் தேதியில் சர்க்கரை ஏறிவிட்டது. இரண்டாவது தேதியில் இருமல். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பி மாடிப்படியை ஒரு பெரிய மனிதரைப் பார்ப்பது மாதிரி அண்ணாந்து பார்ப்பேன். தள்ளிப்போவதுகூடப் பரவாயில்லை. ஏன் தள்ளிப்போனது என்று செல்வநாயகி கேட்பாள். விபூதி என்பார்கள். யார் என்று கேட்பாள், கேட்க வேண்டியதே இல்லை, பேப்பர் பொட்டலம் போதும். இரண்டு வருஷமாக அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எங்கள் மகளின் கல்யாண ஆல்பத்தால் வந்தது. நானூற்று இருபது போட்டோவில் அக்கா இருப்பது ஒன்றே ஒன்றில், அதிலும் முகத்துக்கு நேராக வீடியோக்காரனின் லைட். போட்டோக்களைத் தேர்ந்தெடுத்தது செல்வநாயகி. வேண்டுமென்றே செய்தாள் என்று அக்கா சொன்னாள். வேண்டுமென்றே செய்வதாக இருந்தால் அந்த ஒன்றையும் விட்டிருப்பேனே என்று இவள் சொன்னாள். இதுதான் சமாதானமாம். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் என் வழியாக. காலையில்கூட அக்கா இரண்டடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, "உங்கக்கா காப்பி குடிச்சாங்களான்னு கேளுங்க" என்றாள் இவள். கேட்டேன். "குடிச்சேன்னு சொல்லு" என்றாள் அக்கா. சொன்னேன். என்னைப் பேச்சுக்கு ஒரு குழாய் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தது இந்த முழங்காலால்தான். சொன்னால், அந்த முழங்காலை வைத்தே அவர்களை நான் பிரித்துவிட்ட மாதிரி ஆகும்.

ஆகவே சொல்ல வேண்டாம். முடிவாகிவிட்டது. உள்ளே எப்படியும் மறுபடி கழுவுவார்கள். கழுவுவார்கள்தானே? கட்டைப் பிரிப்பார்கள், வெள்ளையாக இருக்கும், என்ன இது என்பார்கள். நான் மயக்கத்தில் இருப்பேன். அல்லது பவுடர் என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். சின்னராசும் துடைத்தான். துடைப்பது வேறு, கழுவுவது வேறு என்று அவனிடம் சொன்னவன் யார். சரி, அதை விடுவோம். நான் ஏன் அவளைத் தடுக்கவில்லை, அதைச் சொல் முதலில். மரியாதையா? பயமா? முப்பது வருஷமாக நெற்றியில் ஒன்றும் வைக்காதவன் நான். கோயில் வாசலில் மற்றவர்கள் செருப்புக்குக் காவல் நிற்கிறவன். அப்படியிருந்தும் காலை மடக்கினேனே. உண்மை என்னவென்றால், அந்த மூன்று விரல் பட்டபோது நன்றாக இருந்தது. ஒரு வருஷமாக இந்த முட்டியை எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள், அழுத்திப் பார்த்தார்கள், மடக்கிக் கத்த வைத்தார்கள். அது பாவம் என்று யாரும் தடவவில்லை. நான்கூடத் தடவவில்லை, திட்டியிருக்கிறேன். அதனால் விட்டுவிட்டேன். சாமி மேல் பழி போட வழியில்லை, என் மேல்தான் போட வேண்டும். இப்போது இன்னொன்று தோன்றுகிறது, இது மோசமானது, ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. சொல்லாமல் உள்ளே போகிறேன். எல்லாம் நன்றாக முடிகிறது. நடக்கிறேன். நாலு மாதம் கழித்து ஒரு நாள் முட்டி லேசாகச் சுடுகிறது. வெயிலாக இருக்கலாம், படி ஏறியதாக இருக்கலாம். எனக்கு மட்டும் அந்த லாட்டரிப் பேப்பர் நினைவுக்கு வரும். அக்கா வீட்டுக்கு வருவாள், தட்டில் பலகாரம் வைப்பாள், நான் பலகாரத்தைப் பார்க்க மாட்டேன், அவள் விரலைப் பார்ப்பேன். அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அவள் என்னிடம் குற்றவாளியாக இருப்பாள், அவள் சாகும்வரை, அல்லது நான் சாகும்வரை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் அவளை நிற்க வைத்து இருநூற்று நாற்பதையும் உரிக்கச் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும். நான் அந்த மாதிரி ஆள்தான்.

கட்டில் நகர்ந்தது. கால்மாட்டில் ஜெசிந்தா சிஸ்டர் இழுக்க, தலைமாட்டில் யாரோ தள்ள, கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக மேலே போயின. இரண்டு விளக்கு போனதும், "நிறுத்துங்க" என்றேன். குரல் எனக்கே பெரியதாகக் கேட்டது. "ஒண்ணுக்குங்களா?" "இல்லைங்க. கட்டுக்குள்ள விபூதி இருக்குது." கட்டில் நின்றது. "ஆரு பூசுனது?" இந்தக் கேள்விக்குப் பதில் தயாரிக்க அரை மணி நேரம் இருந்தது. அதில் எறும்புவரை யோசித்தேன், இதை யோசிக்கவில்லை. "நான்தான்" என்றேன்.

டாக்டர் அருள்குமரன் முகக்கவசத்தோடு வந்தார். கண் மட்டும் தெரிந்தது. "மைக்ரான் கேட்டவரு நீங்கதானே சார்?" "ஆமாங்க." "டேப் டெஸ்ட்?" "ஆமாங்க." அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கட்டைப் பிரிக்கச் சொன்னார். சிப்பியின் மேல் வெள்ளையாக மூன்று கோடு, வளைவுகூட இல்லாமல், அழகாகத்தான் இருந்தது. "தோல்ல நகக்கீறல் இருந்தா இன்னிக்கு கேஸ் கிடையாது" என்று சொல்லிக் கோடுகளை ஈரப் பஞ்சால் எடுத்துவிட்டு, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். நானும் தலையைத் தூக்கி அக்காவின் நகத்தைத் தேடினேன். அவள் நகம் வெட்டுகிறவளா என்று அறுபத்து நாலு வருஷத்தில் யாராவது கவனித்திருக்கிறார்களா. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "கீறல் இல்லை" என்றார். "முதல்லேர்ந்து கழுவணும் சிஸ்டர், முழுசா. அடுத்த கேஸை முன்னாடி எடுத்துக்கலாம். இவருக்குப் பதினோரு மணி. வீட்டாளுங்ககிட்டக் காரணத்தைச் சொல்லிருங்க." கடைசி வாக்கியத்தை விட்டிருக்கலாம்.

கழுவும் அறைக்குப் போகிற வழி காத்திருப்போர் கூடத்தின் கதவை ஒட்டியே இருந்தது. சிஸ்டர் கதவைத் திறந்து, "குழந்தைவேலு கூட வந்தவங்க" என்று கூப்பிட்டார். செல்வநாயகி வேகமாக வந்தாள். பின்னால், நடுவில் இரண்டு நாற்காலி அளவு இடம் விட்டு, அக்கா. "என்னாச்சுங்க? முடிஞ்சுதா?" "முடியலைங்க. உங்க வீட்டுக்காரர் கட்டுக்குள்ள விபூதி பூசிக்கிட்டாரு. மறுபடி கழுவிட்டுப் பதினோரு மணிக்குத்தான் எடுப்பாங்க." செல்வநாயகி என்னைப் பார்த்தாள். "இவரா?" என்றாள். "அவரேதான் சொன்னாருங்க." அக்காவின் கை முந்தானை முடிச்சின் மேல் போய் நின்றது. வாய் திறந்தது. நான் அவளைப் பார்த்துக் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தேன்.

"தாலி கட்டற அன்னிக்கு நெத்தியில வெச்சதையே கைக்குட்டையால தொடைச்ச மனுசன்" என்று ஆரம்பித்தாள் செல்வநாயகி. சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரி என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள், அது இன்னும் நீளமாக வந்தது. "இருபத்தெட்டு வருசமாக் கோயிலுக்கு வாங்கன்னு கெஞ்சியிருக்கறேன். அப்பெல்லாம் வராத பக்தி, டாக்டர் தொடாதேன்னு சொன்ன எடத்துல வந்துச்சாக்கும். காலேஜ் வரைக்கும் படிச்சு என்னத்தைக் கண்டீங்க." நான் கூரையைப் பார்த்தேன். அடுத்து அக்கா பேசினாள். உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "சின்னதுலருந்தே அப்படித்தான் கண்ணு இவன்" என்றாள். "தொடாதேன்னு சொன்னா அதைத்தான் தொடுவான். அம்மா ஒறைக்கு ஊத்தி வெச்ச பாலை, தொடாதடான்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போகல, கொட்டிப்போட்டான். ஒரு சட்டிப் பாலு." செல்வநாயகி அவள் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் நான் இல்லாமல். "நீங்களே சொல்லுங்க அண்ணி, இந்த ஆளோட எப்படித்தான் குடித்தனம் பண்றது." "எனக்குத் தெரியாதா. அடி வாங்குனாலும் திருந்த மாட்டான்." "வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லவும் மாட்டாருங்க." "ஊமைக்கோட்டான். நீ வா, வந்து உக்காரு. காத்தால இருந்து நீ ஒண்ணும் திங்கலையே. வடை வாங்கியாந்திருக்கறேன்." இரண்டு பேரும் நாற்காலிகளை நோக்கி நடந்தார்கள். அடுத்தடுத்த நாற்காலி. அக்கா பையிலிருந்து எண்ணெய் படிந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டே வேறொன்றை ஆரம்பித்திருந்தாள், நான் கிணற்றில் தள்ளிய ஆட்டுக்குட்டியைப் பற்றி. நான் எந்த ஆட்டுக்குட்டியையும் கிணற்றில் தள்ளியதில்லை.

அந்தப் பாலும் நான் கொட்டியதில்லை. அக்கா கொட்டியது. எனக்கு அப்போது ஐந்து வயது, அவளுக்குப் பதின்மூன்று. அடி வாங்கியது மட்டும் நான். "போலாங்களா?" என்று கேட்டார் சிஸ்டர். போகலாம் என்றேன்.